கடைசிக் கடன்

எங்கள் ஊரில் ஒரு வியாபாரி நொடித்துப்போனால் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்பார்கள். அப்பாவின் ஜவுளிக்கடை மூடப்பட்டபோது நான் எட்டாம் வகுப்பு. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரு நோட்டில் எழுதினார். மொத்த வியாபாரி முதல் பால்காரர் வரை எல்லோரும் அதில் இருந்தார்கள். கடைக்கு முதல் போட அம்மா கழற்றிக் கொடுத்த 17 பவுன் மட்டும் இல்லை. நான் கேட்டபோது, "அது எப்படிடி கடனாகும்?" என்றது அம்மாதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் திவால் வழக்குகளை அந்தக் கேள்வியோடுதான் வாசிக்கத் தொடங்கினேன். 'லண்டன் கெஜட்' இதழில் வந்த திவால் அறிவிப்புகளில் பெண்களும் உண்டு. தொப்பி தைத்து விற்றவர்கள், தங்கும் விடுதி நடத்தியவர்கள். பெயருக்குப் பக்கத்தில் 'விதவை' அல்லது 'மணமாகாதவர்' என்றிருக்கும். மனைவியரைக் காண்பது அரிது. மணமான பெண்ணைக் கணவனுக்குள் அடக்கமாகவே சட்டம் பார்த்தது. லண்டன் நகர வழக்கம் போன்ற சில விலக்குகள் தவிர, அவள் பெயரில் ஒப்பந்தம் கிடையாது. ஆகவே கடனும் கிடையாது, திவாலும் கிடையாது.

ஆனால் நொடிப்பின் சுமை அவளை விடவில்லை. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை ஜான், கடற்படைச் சம்பள அலுவலகத்தில் எழுத்தர். 1861 வரை இங்கிலாந்தில் திவால் சட்டம் வணிகர்களுக்கு மட்டுமே. மற்றவர்கள் கடனுக்குச் சிறை போக நேரிட்டது. 1824இல் ஒரு ரொட்டிக்கடைக்காரருக்குத் தர வேண்டிய 40 பவுண்டு 10 ஷில்லிங்குக்காக ஜான் மார்ஷல்சி சிறையில் அடைக்கப்பட்டார். மனைவி எலிசபெத் அதற்கு முன்பே வாடகைக்கு வீடு பிடித்து, பித்தளைப் பலகை மாட்டி, பள்ளிக்கூடம் தொடங்கிப் பார்த்தார். ஒரு பிள்ளையும் வரவில்லை. வீட்டுச் சாமான்கள் அடகுக்குப் போயின. கடைசியில் சிறு பிள்ளைகளோடு அவரும் சிறைக்குள்ளேயே குடிபோனார். 12 வயது சார்லஸ் ஷூ பாலிஷ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன கதையை உலகம் அறியும். கடனாளியாக ஆவணத்தில் பதிவானவர் ஜான். எலிசபெத் எந்தக் கடனுக்கும் கைதியல்ல. ஆனாலும் அவர் வாழ்ந்தது சிறையில்.

1882இல் மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் வந்தது. தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை மனைவிக்குக் கிடைத்தது. தனியாக வியாபாரம் செய்தால் அவளும் திவாலாகலாம். இது பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் அதே சட்டத்தின் 3ஆம் பிரிவைப் படியுங்கள். மனைவி கணவனின் தொழிலுக்குக் கொடுத்த பணம், அவன் திவாலானால், அவனுடைய சொத்தாகவே கருதப்படும். பணம் தந்த மற்றவர்களின் கடன் முழுதும் அடைந்த பிறகே அவள் தன் பங்கைக் கேட்கலாம். திவாலானவரின் சொத்தில் எல்லோருக்கும் முழுத்தொகை கிடைப்பது அபூர்வம். வரிசையில் கடைசி என்றால் பெரும்பாலும் கையில் ஒன்றுமில்லை என்றுதான் பொருள்.

இதற்கு ஒரு நியாயம் சொல்லப்பட்டது. சொத்தை மனைவி பெயருக்குத் தள்ளிவிட்டுக் கைவிரிக்கும் கணவர்கள் இருந்தார்கள். பினாமியை அறிந்த நமக்கு அது புரியாததல்ல. ஆனால் ஏமாற்றுவது கணவன். உண்மையாகவே கடன் கொடுத்த மனைவியும் அதற்காகக் கடைசிக்குத் தள்ளப்பட்டாள்.

ஒரு கடன் பட்டியலைக் கையில் எடுக்கும் மாணவியரிடம் நான் சொல்வது இதுதான்: யாருக்குப் பாக்கி என்று பார்ப்பதோடு, முதல் யாருடையது என்றும் கேளுங்கள். அந்த ஆங்கிலேய மனைவிக்குச் சட்டம் கடைசி இடமாவது வைத்திருந்தது. அப்பாவின் நோட்டில் அம்மாவுக்கு அதுவும் இல்லை.