பட்டம் இல்லாத பந்தய வீரர்கள்

கார் பந்தயம்னாலே ‘எத்தனை சாம்பியன் பட்டம்?’ என்றுதான் கேட்கிறோம். இங்கிலாந்தின் ஸ்டிர்லிங் மாஸ் 16 ஃபார்முலா 1 பந்தயங்களில் வென்றவர். ஆனால் 1955 முதல் 1958 வரை தொடர்ந்து நான்கு முறை இரண்டாமிடம்தான். 1958-இல் போர்ச்சுகல் பந்தயத்தில் போட்டியாளர் ஹாதோர்னின் புள்ளிகள் பறிபோக இருந்தபோது, அவருக்காகச் சாட்சி சொன்னவர் மாஸ். கடைசியில் ஒரே புள்ளியில் பட்டம் ஹாதோர்னுக்கே போனது.

நம்ம கொங்கு நாட்டுக்கு வருவோம். மாருதி 800 எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார் கட்டியவர் கோவை கரிவர்தன். 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். அந்த வகைக் காரில் பந்தயத்தைத் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் டயர் பிரச்சினையால் 14 கார்கள் விலகின. ஆறே கார்கள் ஓடின. நரேன் நான்காவது, 5 புள்ளிகள். ஃபார்முலா 1-இல் அவர் பெற்றது மொத்தமே அவ்வளவுதான். ஆனாலும் அவருக்கு முன்னால் அந்த இடத்துக்குப் போன இந்தியர் எவருமில்லை.

செட்டிபாளையம் பந்தயத் திடலுக்குக் கரிவர்தன் நினைவாகத்தான் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்று பெயர். மெடல் கிடைக்கலியேன்னு கலங்கும் தம்பி தங்கைகளே, ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்துட்டு வாங்க!