லாக்கர்ல வெச்ச நகை திருடுபோனா வங்கி எவ்வளவு தரும்?

"வீட்டுல வெச்சிருந்தா பயம், லாக்கர்ல போட்டுடு." கோவில்பட்டிப் பக்கம் கல்யாண நகை வாங்கின கையோடு பெரியவங்க சொல்ற வார்த்தை இது. சரி, அந்த லாக்கரையே உடைச்சுட்டா? 2019 ஜனவரியில் திருச்சி பிச்சாண்டார்கோவிலில் பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளையின் சுவரில் ஓட்டை போட்டு லாக்கர்களை உடைத்தார்கள். 2017 நவம்பரில் நவி மும்பையில் ஒரு கும்பல் வங்கிக்குப் பக்கத்துக் கடையை வாடகைக்கு எடுத்து, சுரங்கமே தோண்டி 30 லாக்கர்களைக் காலி செய்தது.

அப்போதெல்லாம் வங்கிகள் சொன்ன பதில் ஒன்றுதான்: "உள்ளே என்ன இருந்ததுன்னு எங்களுக்குத் தெரியாது, நாங்க பொறுப்பில்லை." இதை மாற்றியது கொல்கத்தா வாடிக்கையாளர் ஒருவர் யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியா மீது போட்ட வழக்கு. வாடகை கட்டியிருந்தும் வங்கி அவருடைய லாக்கரை உடைத்தது. ஏழு நகைகளில் இரண்டுதான் திரும்பி வந்தன என்பது அவர் புகார். வங்கி கைகழுவ முடியாது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2021 பிப்ரவரி 19 அன்று 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அதன் பிறகு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த புது விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

அந்த விதிப்படி திருட்டு, கொள்ளை, தீ, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி எதுவானாலும் லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. கேட்க நல்லாத்தான் இருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க: வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். இன்றைய விலைக்கு அதில் மூன்று பவுன்கூட வராது. வெள்ளம், பூகம்பம் என்றால் அதுவும் கிடையாது. வங்கியின் அலட்சியமும் சேர்ந்திருந்தால்தான் கேட்க முடியும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த தூத்துக்குடி மாவட்டத்துக்காரங்க இதைக் குறிச்சு வெச்சுக்கணும்.

திருட்டு நடந்தது தெரிந்தால் முதலில் போலீஸ். எஃப்.ஐ.ஆர் நகலை இலவசமாகவே தரணும், கேட்டு வாங்குங்க. அதே நாளில் வங்கி மேனேஜரிடம் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்து, சீல் போட்ட நகல் வாங்கிக்கோங்க. லாக்கர் அறை வாசலின் சிசிடிவி பதிவை 180 நாள் வைத்திருக்க வேண்டும். நீங்க புகார் கொடுத்துவிட்டால் விசாரணை முடியும் வரை அழிக்கக் கூடாது. இதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிடுங்க.

30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே போகலாம், செலவு இல்லை. அடுத்தது தூத்துக்குடியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வங்கி வெளியூரில் இருந்தாலும் நீங்க குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இங்கே கட்டணம் நீங்க கேட்கும் நஷ்டஈட்டை வைத்து இல்லை, வங்கிக்குக் கட்டிய வாடகையை வைத்துத்தான். அது 5 லட்சத்தைத் தாண்டாத வரை கட்டணமே கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போடணும், அவ்வளவுதான்.

ஆனால் "உள்ளே 40 பவுன் இருந்துச்சு" என்பதே தகராறு என்றால் சிவில் கோர்ட்டில்தான் நிரூபிக்கணும். தமிழ்நாட்டில் அதற்கு நீங்க கேட்கும் தொகையில் 3 சதவிகிதம் கோர்ட் கட்டணம். ஹால்மார்க் பில்லும், நகையைப் போட்டு எடுத்த கல்யாண போட்டோவும்தான் அங்கே பேசும். லாக்கரில் ரொக்கம் வெச்சிருந்தா அதை மறந்துடுங்க. ஒப்பந்தமே அதை அனுமதிப்பதில்லை.

கரிசல் காட்டில் விதைப்புக்கு முன்னால் அடகு வைக்கும் நகை வேறு கதை. அதன் எடை வங்கி ரசீதிலேயே இருக்கு. தொலைந்தால் ஈடுகட்ட வேண்டியது வங்கிதான். 100 மடங்கு வாடகைக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

போலீஸ் நகையை மீட்டுவிட்டால் அது நேராக உங்க கைக்கு வராது, கோர்ட்டுக்குப் போகும். வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டாம். மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு, பத்திரம் எழுதிக்கொடுத்து இடைக்காலமாக வாங்கலாம். அங்கேயும் முதலில் கேட்பது அந்த பில்லைத்தான்.