கப்பல் மேசையும் அரையாடையும்

நம் குமாரபாளையத்துத் தறிகளில் இறங்கும் லுங்கியையும் துண்டையும் அணிந்து கப்பலின் இரவு விருந்துக்குச் சென்றவர் எவருமில்லை. ஆங்கிலேயரின் நீராவிக் கப்பல்களில் முதல் வகுப்பு விருந்து மேசை, கறுப்புக் கோட்டும் விறைத்த வெள்ளைச் சட்டையும் கேட்டது.

1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறிய பதினெட்டு வயது காந்தியிடம் கறுப்பு சூட் இருந்தது. உடையில் குறையில்லை. ஆயினும் அவர் மேசைக்குப் போகவேயில்லை. முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்தப் பண்டத்தில் இறைச்சி இல்லையென்று கேட்கவும் கூச்சம். கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே உண்டார். கரையிறங்கும்போது அணியவென்று பொத்திவைத்திருந்த வெள்ளை ஃபிளானல் உடையும் ஏமாற்றியது: செப்டம்பர் இறுதியில் அங்கே வெள்ளையில் நின்றவர் அவர் ஒருவரே! கோட்டு வாங்கித் தந்த நண்பர்களால் மேசையை வாங்கித்தர முடியவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் அரையாடைக்கு மாறினார். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்காக 'ராஜபுதானா' கப்பலில் சென்றதும் அவ்வுடையிலேதான். அரண்மனைத் தேநீர் விருந்திலும் அதுவே.

கப்பல் விதியோ கரையேறி நம் மன்றங்களில் தங்கிவிட்டது. 2014 ஜூலையில் சென்னைச் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் மன்றம், வேட்டி கட்டிவந்த உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை வாசலிலேயே திருப்பியனுப்பியது. அடுத்த மாதமே சட்டமன்றம் வேட்டிக்காகத் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது.