கார்டன் ரீச்சின் சட்டமன்ற உறுப்பினர்: ஃபிர்ஹாத் ஹக்கீமின் அரசியல் பயணமும் தேர்தல் வரலாறும்

கொல்கத்தா: மேற்கு வங்கத் தலைநகரின் தென்மேற்கே, ஹூக்ளி ஆற்றின் கரையில் அமைந்துள்ள கார்டன் ரீச் பகுதி, 2024-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி நள்ளிரவில் கட்டுமான நிலையில் இருந்த ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்ததால் நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்த நாளில் அப்பகுதியின் சட்டமன்ற உறுப்பினர், மாநகராட்சியின் மேயர், மாநில நகர்ப்புற வளர்ச்சித் துறை அமைச்சர் ஆகிய மூன்று பொறுப்புகளையும் வகித்தவர் ஒருவரே. அவர், திரிணமூல் காங்கிரஸ் கட்சியின் மூத்த தலைவர் ஃபிர்ஹாத் ஹக்கீம். அவரது அரசியல் வாழ்க்கை, தேர்தல் முடிவுகள் மற்றும் அவர் எதிர்கொண்ட சர்ச்சைகள் குறித்த தொகுப்பு இது.

யார் இந்த ஃபிர்ஹாத் ஹக்கீம்?

1959-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி பிறந்த ஹக்கீம், கொல்கத்தா மக்களிடையே 'பாபி' என்ற பெயரிலேயே பெரிதும் அறியப்படுகிறார். தெற்கு கொல்கத்தாவின் செட்லா பகுதியை உள்ளடக்கிய 82-வது வார்டின் மாமன்ற உறுப்பினராக அவர் செயல்பட்டு வந்தார். திரிணமூல் காங்கிரஸ் தலைவர் மம்தா பானர்ஜியின் நெருங்கிய நம்பிக்கைக்கு உரியவர்களில் ஒருவராகக் கருதப்படுபவர்.

2009-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் அலிப்பூர் சட்டமன்ற உறுப்பினரான நடிகர் தபஸ் பால், கிருஷ்ணாநகர் தொகுதியில் வெற்றி பெற்று நாடாளுமன்றம் சென்றார். அதனால் காலியான அலிப்பூர் தொகுதிக்கு அதே ஆண்டு நடைபெற்ற இடைத்தேர்தலில் ஹக்கீம் வெற்றி பெற்று, முதன்முறையாகச் சட்டமன்றத்தில் நுழைந்தார்.

தொகுதியின் பின்னணி

கார்டன் ரீச் என்ற பெயரிலேயே முன்பு ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008-ஆம் ஆண்டின் தொகுதி மறுசீரமைப்பு ஆணையின்படி அத்தொகுதியும், அலிப்பூர், கவிதீர்த்தா ஆகிய அண்டைத் தொகுதிகளும் நீக்கப்பட்டன. அதன் பின்னர் உருவான கொல்கத்தா துறைமுகம் தொகுதி, 2011-ஆம் ஆண்டு முதன்முறையாகத் தேர்தலைச் சந்தித்தது. மாநகராட்சியின் 75, 76, 78, 79, 80, 133, 134, 135 ஆகிய எட்டு வார்டுகள் இதில் அடங்கும். கொல்கத்தா தெற்கு மக்களவைத் தொகுதியின் ஒரு பகுதி இது. ஹக்கீம் மாமன்றத்தில் பிரதிநிதித்துவம் செய்த 82-வது வார்டு இத்தொகுதியில் இல்லை. அது பவானிபூர் தொகுதியைச் சேர்ந்தது.

கப்பல் கட்டும் தளமும், தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும், கொல்கத்தாவுக்குக் குடிநீர் வழங்கும் சுத்திகரிப்பு நிலையமும் கார்டன் ரீச்சில் உள்ளன. அருகிலுள்ள மெட்டியாபுருஸ், அவத் அரசை ஆங்கிலேயர் 1856-இல் இணைத்துக்கொண்ட பின் நவாப் வாஜித் அலி ஷா தமது இறுதிக்காலமான 1887 வரை வாழ்ந்த இடமாகும். துறைமுகத் தொழிலாளர், உருது மற்றும் இந்தி பேசும் குடும்பங்கள், வங்காளியர் எனப் பல பிரிவினர் நெருக்கமாக வாழும் பகுதி இது. தனி நகராட்சியாக இருந்த கார்டன் ரீச், 1984-இல் கொல்கத்தா மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

தேர்தல் முடிவுகள்

2011: இடதுசாரி முன்னணியின் 34 ஆண்டு ஆட்சி முடிவுக்கு வந்த தேர்தல். ஹக்கீம் 63,866 வாக்குகள் பெற்றார். ஃபார்வர்டு பிளாக் வேட்பாளர் மொய்னுதீன் ஷம்ஸ் 38,833 வாக்குகள் பெற்றார். வாக்கு வித்தியாசம் 25,033.

2016: இடதுசாரிகளுடன் உடன்பாடு கொண்டிருந்த காங்கிரஸ் கட்சியின் சார்பில் ராகேஷ் சிங் போட்டியிட்டார். ஹக்கீமுக்கு 73,459 வாக்குகளும், ராகேஷ் சிங்குக்கு 46,911 வாக்குகளும் கிடைத்தன. வாக்கு வித்தியாசம் 26,548.

2021: பாரதிய ஜனதா கட்சி (பாஜக) முதன்மை எதிர்க்கட்சியாக உருவெடுத்த தேர்தல். ஹக்கீம் 1,05,543 வாக்குகளும், பாஜக வேட்பாளர் அவத் கிஷோர் குப்தா 36,989 வாக்குகளும் பெற்றனர். வாக்கு வித்தியாசம் 68,554.

மூன்று தேர்தல்களிலும் இரண்டாம் இடம் பெற்ற கட்சி வெவ்வேறு என்பது கவனிக்கத்தக்கது. இடதுசாரி, காங்கிரஸ் வாக்குகள் 2021-இல் கரைந்து, போட்டி திரிணமூலுக்கும் பாஜகவுக்கும் இடையிலானதாக மாறியபோது, ஹக்கீமின் வாக்கு வித்தியாசம் முந்தைய தேர்தலைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

அமைச்சர், மேயர்

2011-இல் மம்தா பானர்ஜி அமைச்சரவை பதவியேற்றபோது, நகர்ப்புற வளர்ச்சி மற்றும் நகராட்சி விவகாரத் துறை ஹக்கீமிடம் ஒப்படைக்கப்பட்டது. 2021-இல் போக்குவரத்து, வீட்டுவசதித் துறைகளைப் பெற்ற அவர், 2022 ஆகஸ்ட் அமைச்சரவை மாற்றத்தில் நகர்ப்புற வளர்ச்சித் துறைக்கே திரும்பினார்.

2018 நவம்பரில் கொல்கத்தா மேயர் சோவன் சட்டர்ஜி பதவி விலகினார். மாமன்ற உறுப்பினராக இல்லாத ஒருவரும் மேயராகலாம், ஆனால் ஆறு மாதங்களுக்குள் அவர் மாமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என மாநகராட்சிச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி டிசம்பர் 3-ஆம் தேதி ஹக்கீம் மேயராகப் பொறுப்பேற்றார். அடுத்த மாதமே 82-வது வார்டு இடைத்தேர்தலில் வென்றார். நாடு விடுதலை பெற்ற பின் கொல்கத்தா மேயரான முதல் முஸ்லிம் இவரே. விடுதலைக்கு முன், 1935-இல் ஏ.கே. ஃபஸ்லுல் ஹக் அப்பதவியை வகித்துள்ளார்.

2021 டிசம்பரில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் மொத்தமுள்ள 144 வார்டுகளில் 134-ஐ திரிணமூல் காங்கிரஸ் கைப்பற்றியது. ஹக்கீம் மீண்டும் மேயரானார்.

நாரதா வழக்கு

அரசியல் தலைவர்கள் சிலர் பணம் பெறுவதாகக் காட்டும் ரகசியக் காணொலிகளை 2016 தேர்தலுக்குச் சற்று முன்பு நாரதா செய்தி இணையதளம் வெளியிட்டது. இவ்வழக்கில் 2021 மே 17-ஆம் தேதி, ஹக்கீம், சுப்ரதா முகர்ஜி, மதன் மித்ரா, சோவன் சட்டர்ஜி ஆகிய நால்வரையும் மத்தியப் புலனாய்வு அமைப்பு (சிபிஐ) கைது செய்தது. ஹக்கீம் அமைச்சராகப் பதவியேற்று ஒரு வாரமே ஆகியிருந்தது. முதல்வர் மம்தா சிபிஐ அலுவலகத்துக்கே நேரில் சென்று பல மணி நேரம் அங்கு இருந்தார். இது அரசியல் பழிவாங்கல் நடவடிக்கை என திரிணமூல் குற்றம்சாட்டியது. மே 28-ஆம் தேதி கொல்கத்தா உயர் நீதிமன்றம் நால்வருக்கும் இடைக்கால ஜாமீன் வழங்கியது.

கட்டட விபத்து எழுப்பிய கேள்வி

2024 மார்ச் 17 விபத்து நிகழ்ந்த இடம், ஹக்கீமின் தொகுதிக்கு உட்பட்ட 134-வது வார்டு. இடிந்த கட்டடம் அருகிலிருந்த குடிசைகளின் மீது சரிந்தது. குறுகிய சந்துகளால் மீட்புப் பணி தாமதமானது. குறைந்தது 12 பேர் உயிரிழந்தனர். கட்டடம் உரிய அனுமதியின்றி எழுப்பப்பட்டது என்று ஹக்கீமே தெரிவித்தார். உயிரிழந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாயும், காயமடைந்தோருக்குத் தலா 1 லட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டன. கட்டுமான நிறுவனர் கைது செய்யப்பட்டார். மாநகராட்சிப் பொறியாளர்களிடம் விளக்கம் கோரப்பட்டது.

கொல்கத்தா மாநகராட்சிச் சட்டத்தின் 401-வது பிரிவு, அனுமதியற்ற கட்டுமானத்தை நிறுத்த உத்தரவிடவும், 400-வது பிரிவு அதனை இடிக்க ஆணையிடவும் மாநகராட்சிக்கு அதிகாரம் அளிக்கின்றன. எனவே, சட்டத்தில் குறைபாடா, நடைமுறையிலா என்ற விவாதம் எழுந்தது. மேயர் பதவி விலக வேண்டும் என எதிர்க்கட்சிகள் வலியுறுத்தின.

ஒருவருக்கு இரு பதவிகள்: சட்டம் சொல்வது என்ன?

ஒருவர் ஒரே நேரத்தில் நாடாளுமன்றத்திலும் மாநிலச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக நீடிக்க அரசியலமைப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. சட்டமன்ற உறுப்பினர் மேயராவதற்கு அத்தகைய தடை அதில் இல்லை. அதனை முடிவு செய்வது மாநிலச் சட்டங்களே. மேற்கு வங்கத்தில் ஹக்கீமுக்கு முன்பே சுப்ரதா முகர்ஜி, சோவன் சட்டர்ஜி ஆகியோர் சட்டமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே மேயராகவும் பணியாற்றியுள்ளனர்.

தமிழகத்தின் அனுபவம் வேறு. ஆயிரம் விளக்கு சட்டமன்ற உறுப்பினராக இருந்த மு.க. ஸ்டாலின், 1996-இலும் 2001-இலும் மக்களால் நேரடியாகச் சென்னை மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2002-இல் அன்றைய ஜெயலலிதா அரசு, ஒருவர் இரு பதவிகளை வகிப்பதைத் தடுக்கும் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்ததை அடுத்து, அவர் மேயர் பதவியை இழக்க நேர்ந்தது. ஸ்டாலினைக் குறிவைத்தே அச்சட்டம் இயற்றப்பட்டதாக அப்போது விமர்சனம் எழுந்தது.

இரு பொறுப்புகளும் ஒருவரிடம் இருந்தால் கோப்புகள் விரைந்து நகரும் என்பது ஆதரவாளர்களின் வாதம். மாநகராட்சியைத் தட்டிக்கேட்க வேண்டிய சட்டமன்ற உறுப்பினரும், அதனைக் கண்காணிக்க வேண்டிய அமைச்சரும் மேயரே எனில், குடிமக்கள் யாரிடம் முறையிடுவது என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. 134-வது வார்டு வாக்காளரைப் பொறுத்தவரை, 2024 மார்ச் மாதத்தில் அக்கேள்விக்கான மூன்று விடைகளும் ஒரே பெயரில்தான் முடிந்தன.