கற்கண்டா, தயிரா?

உங்கள் பழைய பயாலஜி ரெக்கார்டு நோட்டைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கோடு போடாத பக்கத்தில், ஹெச்.பி. பென்சிலால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படங்கள். ஒன்று, செங்கல் மாதிரி ஒரு கட்டம் - தாவர செல். இன்னொன்று, சரியாக வார்க்காத தோசை மாதிரி ஒரு கோணல் வட்டம் - விலங்கு செல். ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து பாகங்களைக் குறித்து, டீச்சரிடம் கையெழுத்து வாங்கி, பரீட்சை முடிந்ததும் எடைக்குப் போட்டிருப்பீர்கள்!

அந்தப் படங்களோடு மூன்று பெயர்களையும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஷ்லைடன், ஷ்வான், விர்ச்சோ. 'செல் கொள்கை'யைத் தந்த மூவர். உண்மையில் நாலாவதாக ஒருவர் உண்டு. பள்ளிப் பாடத்தில் அவர் பெயர் அநேகமாக வராது. இந்த வாரம் அவருடைய கதை. ஆனால், அவரிடம் போவதற்கு முன்னால் லண்டனுக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

1665. ராயல் சொசைட்டியில் பரிசோதனைகள் செய்து காட்டும் வேலையில் இருந்த ராபர்ட் ஹூக், 'மைக்ரோகிராஃபியா' என்ற புத்தகத்தை வெளியிட்டார். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததையெல்லாம் பெரிது பெரிதாகப் படம் போட்ட புத்தகம். பாட்டில் மூடும் கார்க் இருக்கிறதே, அதைப் பேனாக்கத்தியால் மெல்லிசாகச் சீவி வைத்துப் பார்த்தார். தேன்கூடு மாதிரி வரிசையாகக் குட்டிக் குட்டி அறைகள்! அவற்றுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'செல்லா' என்றால் சின்ன அறை. மனிதர் அதோடு விடவில்லை. ஒரு கன அங்குல கார்க்கில் எத்தனை அறைகள் இருக்கும் என்று கணக்கும் போட்டார். சுமார் 120 கோடி!

ஆனால், ஒரு விஷயம். கார்க் என்பது செத்துப்போன மரப்பட்டை. ஹூக் பார்த்தது வெறும் சுவர்கள். குடியிருந்தவர் எப்போதோ காலி செய்துவிட்டுப் போன வீட்டைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தார். அந்தப் பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது.

இங்கேதான் உங்கள் ரெக்கார்டு நோட்டுப் படங்களின் வித்தியாசம் வருகிறது. தாவர செல்லுக்கு செல்லுலோஸால் ஆன கெட்டியான சுவர் உண்டு. உள்ளே பெரிய தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒரு வாக்குவோல். வளர்ந்த செல்லில் முக்கால்வாசிக்கு மேல் இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும். தொட்டி நிரம்பி உள்ளிருந்து சுவரைத் தள்ளும்போது செடி விறைப்பாக நிற்கிறது. தண்ணீர் குறைந்தால் துவண்டுபோகிறது. கீரைக்காரம்மா கட்டின் மேல் அடிக்கடி தண்ணீர் தெளிப்பது எதற்காக என்கிறீர்கள்? அந்தத் தொட்டிகளை நிரப்பிவைக்கத்தான்!

நமக்கு, அதாவது விலங்குகளுக்கு, அந்தச் சுவர் கிடையாது. மெல்லிய சவ்வு மட்டும்தான். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சுவர் இல்லாததால்தான் நம் தசை சுருங்கி விரிகிறது, வெள்ளை அணுக்கள் நெளிந்து வளைந்து ரத்தக் குழாயைவிட்டு வெளியே வந்து கிருமியை விழுங்குகின்றன. செடி நின்ற இடத்தில் நிற்க, ஆடு நடந்துபோய் அதை மேய்வதில் இந்தச் சுவருக்கும் சவ்வுக்கும் பெரிய பங்குண்டு.

ஆனால், ஆராய்ச்சியாளர்களுக்கு அது பெரிய தலைவலி. தாவர செல்லின் சுவர் பளிச்சென்று தெரியும். விலங்கு செல்லின் எல்லை அந்தக் கால மைக்ராஸ்கோப்பில் தெரியவே தெரியாது. அதனால் ஹூக்குக்குப் பிறகு 170 வருஷம் ஆகியும், 'செடிக்குத்தான் செல், நமக்கும் உண்டா?' என்பது தீராத கேள்வியாகவே இருந்தது.

வழி காட்டியவர் ராபர்ட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1831-ல் ஆர்க்கிட் செடிகளின் செல்களில் ஒரு கரும்பொட்டு திரும்பத் திரும்ப இருப்பதைக் கவனித்து, 'நியூக்ளியஸ்' என்று பெயரிட்டார். அதுதான் உட்கரு.

இனி பெர்லின். ஷ்லைடன் வக்கீலாக இருந்து தோற்று, மனம் உடைந்து, தன்னையே சுட்டுக்கொண்டு, எப்படியோ பிழைத்து, பிறகு தாவரவியலுக்கு வந்தவர். செடியில் எந்தப் பகுதியை எடுத்தாலும் செல்தான், செல்லுக்கு ஆதாரம் நியூக்ளியஸ்தான் என்று 1838-ல் எழுதினார். அவரும் விலங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஷ்வானும் ஒருநாள் சேர்ந்து சாப்பிட்டார்கள். சாப்பாட்டு நடுவே ஷ்லைடன் நியூக்ளியஸைப் பற்றிச் சொல்ல, ஷ்வானுக்குப் பொறி தட்டியது. 'அட, இதே மாதிரி ஒன்றை தவளைக் குஞ்சின் முதுகுத்தண்டில் நானும் பார்த்திருக்கிறேனே!' இருவருமாகப் போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். அதே பொட்டு! சுவர் தெரியாவிட்டால் என்ன, நடுவில் பொட்டு தெரிகிறதே! குருத்தெலும்பு, நகம், இறகு, பல் என்று ஷ்வான் தேடிக்கொண்டே போனார். 1839-ல் புத்தகம் வந்தது. செடியோ விலங்கோ, எல்லாம் செல்களால் ஆனவை. அரச மரமும் அதன் அடியில் படுத்திருக்கும் நாயும் ஒரே சரக்கு!

சரி, அந்த செல் எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் இருவரும் சறுக்கினார்கள். கற்கண்டு எப்படிச் செய்கிறார்கள் என்று தெரியுமல்லவா? சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டால், அதைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகம் கட்டும். செல்லும் அப்படித்தான் என்றார்கள். உடம்பில் ஏதோ ஒரு கூழ் இருக்கிறது, அதில் முதலில் ஒரு பொட்டு திரள்கிறது, அதைச் சுற்றி செல் கட்டுகிறது... ஷ்வான் தன் புத்தகத்தில் படிகத்தோடே ஒப்பிட்டு விளக்கினார். பெரிய மனிதர்கள் சொன்னால் மறுபேச்சு ஏது? ஐரோப்பா முழுக்க அதுவே பாடமானது.

மறுத்தவர் ஒரு சின்ன டாக்டர். ராபர்ட் ரெமாக்.

1815-ல் போசன் என்ற ஊரில் பிறந்தவர். அது அன்று பிரஷ்யா, இன்று போலந்து. பெர்லினில் ஷ்வானின் அதே குருவான ஜோஹன்னஸ் முல்லரிடம் படித்தார். படிப்பில் சூரர். ஒரே ஒரு 'குறை'... அவர் யூதர். பிரஷ்யாவில் யூதர் டாக்டருக்குப் படிக்கலாம், வைத்தியம் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தக் கூடாது. மதம் மாறிவிட்டால் கதவு திறக்கும். பலர் மாறினார்கள். ரெமாக் மாட்டேன் என்றுவிட்டார். 1843-ல் அரசருக்கே மனு போட்டார். நிராகரித்துவிட்டார்கள். நோயாளிகளைப் பார்த்து வயிற்றைக் கழுவிக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி செய்தார்.

அவர் பார்த்தது கோழிக் கருவின் ரத்தம். கோழியின் சிவப்பணுவில் நியூக்ளியஸ் உண்டு (நம்முடைய சிவப்பணு முதிரும்போது அதை வெளியே தள்ளிவிடும்). 1841-லேயே ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார். சில அணுக்களில் இரண்டு நியூக்ளியஸ்கள், நடுவில் இடுப்பு ஒடுங்கி, பிரியப்போகிற மாதிரி! எங்கே தேடியும் கூழில் தானாகத் திரளும் செல்லை அவர் பார்க்கவில்லை. ஒன்று இரண்டாவதைத்தான் பார்த்தார். அதோடு அவசரப்பட்டு அறிவித்துவிடவில்லை. வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்தார். தவளை முட்டையை ரசாயனத்தால் கெட்டிப்படுத்தி, கண்ணுக்குத் தெரியாத அந்தச் சவ்வைத் தெரியவைத்தார். முட்டை இரண்டாகி, நாலாகி, எட்டாகும்போது ஒவ்வொன்றையும் சவ்வு விடாமல் சூழ்ந்திருப்பதைக் காட்டினார்.

1852-ல் அடித்துச் சொன்னார். கூழிலிருந்து செல் வராது. செல்லிலிருந்துதான் செல் வரும்.

நம் வீட்டுப் பாஷையில் சொல்வதானால், செல் கற்கண்டு அல்ல, தயிர்! உங்கள் வீட்டுத் தயிர் நேற்றைய தயிரிலிருந்து வந்தது. அது முந்தாநாள் தயிரிலிருந்து. தீர்ந்துபோனால் எதிர்வீட்டில் உறைமோர் வாங்குவீர்களே தவிர, பாலை மட்டும் வைத்துக்கொண்டு தயிருக்குக் காத்திருக்க மாட்டீர்கள். (உறைமோரில் இருப்பவையும் செல்கள்தான். ராத்திரியெல்லாம் ஒன்று இரண்டாகப் பெருகிக்கொண்டே போகிற பாக்டீரியாக்கள்.)

இப்போது மூன்றாவது பெயர். ருடால்ஃப் விர்ச்சோ. சாதாரண ஆள் இல்லை. 1848-ல் சைலீசியாவில் டைஃபஸ் காய்ச்சல் பரவியபோது நேரில் போய்ப் பார்த்து, வறுமையும் அரசாங்கத்தின் அலட்சியமும்தான் காரணம் என்று தைரியமாக அறிக்கை கொடுத்தவர். அவரும் முதலில் கூழ்க் கட்சிதான். ரெமாக்கின் ஆராய்ச்சிக்குப் பிறகு கட்சி மாறினார். 1855-ல், தானே ஆசிரியராக இருந்த பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். செல்லிலிருந்தே செல் என்ற கருத்து லத்தீன் வாசகமாக அதில் ஜொலித்தது. 1858-ல் புத்தகமாக வந்தபோது 'ஆம்னிஸ் செல்லுலா எ செல்லுலா' என்று உலகப் புகழ் பெற்றது. 1855 கட்டுரையில் ரெமாக்கின் பெயர் இல்லை!

ரெமாக் கொதித்துப்போய் அவருக்குக் கடிதம் எழுதினார். பலன் இல்லை. 1856-ல் விர்ச்சோ பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். ரெமாக்? 1847-ல், அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட் போன்ற பெரிய மனிதரின் சிபாரிசுக்குப் பிறகு, அங்கே பாடம் நடத்த அனுமதி பெற்ற முதல் யூதர் ஆனார். சம்பளமில்லாத பதவி. 1859-ல் துணைப் பேராசிரியர். அதற்கு மேல் அவரை ஏற்றிவிடவே இல்லை. 1865-ல், 50 வயதில் இறந்துபோனார்.

விர்ச்சோவை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். அது நியாயமும் இல்லை. ரெமாக் கருவில் கண்டதை விர்ச்சோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். எல்லாம் செல்லிலிருந்து வரும் செல் என்றால், நோயும் செல்லில்தானே ஆரம்பிக்க வேண்டும்? புற்றுநோய் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பூதம் அல்ல, நம் சொந்த செல் ஒன்று கட்டுப்பாடில்லாமல் பிரிவதுதான் என்ற இன்றைய வைத்தியத்தின் அஸ்திவாரம் இந்த வாசகத்தில் இருக்கிறது. ஒருவர் கண்டுபிடித்தார், ஒருவர் ஊரறியச் செய்தார். இரண்டும் வேண்டியதுதான். முதல் ஆளின் பெயரையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். அவ்வளவுதான்.

ரெமாக் பக்கம் உண்மை இருந்தது என்பதைப் பின்னால் வந்தவர்கள் உறுதிசெய்தார்கள். 1882-ல் வால்தர் ஃபிளெமிங், சாயம் ஏற்றிய செல்லுக்குள் நூல் நூலாகச் சில பொருள்கள் தோன்றி, நெடுக்காகப் பிளந்து, சமமாகப் பங்கு பிரிவதை விவரித்தார். குரோமோசோம்கள்! அந்தப் பிரிவினைக்கு 'மைட்டோசிஸ்' என்று பெயர். கிரேக்கத்தில் 'மைட்டோஸ்' என்றால் நூல். பங்கு முடிந்ததும் விலங்கு செல், சப்பாத்தி மாவை நடுவில் அழுத்திப் பிய்ப்பது போல இரண்டாகிறது. சுவருள்ள தாவர செல்லை அப்படிப் பிய்க்க முடியாதே? அங்கே அண்ணன் தம்பி பாகப்பிரிவினைதான். வீட்டு நடுவில் புதுச் சுவர் எழுப்பிக்கொள்கிறார்கள்!

கதை அதோடு முடியவில்லை. தாவர செல்லில் வெயிலைப் பிடித்துச் சர்க்கரை செய்யும் பச்சை அறைகள் உண்டு. குளோரோபிளாஸ்ட். அந்தச் சர்க்கரையை எரித்துச் சக்தி எடுப்பது மைட்டோகாண்ட்ரியா. இது செடிக்கும் உண்டு, நமக்கும் உண்டு. (செடிக்கு இது கிடையாது என்று நினைப்பவர்கள் நிறைய. சமைத்தால் மட்டும் போதுமா, சாப்பிட வேண்டாமா?) இந்த இரண்டையும் செல் புதிதாக உண்டாக்குவது கிடையாது. ஏற்கெனவே உள்ளது பிரிந்துதான் அடுத்தது வரும். ஏனென்றால், ஒரு காலத்தில் இவை தனியாகத் திரிந்த பாக்டீரியாக்கள், இன்னொரு செல்லுக்குள் குடிவந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டவை என்றார் அமெரிக்காவின் லின் மார்குலிஸ். சுமார் 15 பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய பிறகு 1967-ல் அவர் கட்டுரை அச்சானது. இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

இப்போது உங்கள் கையை ஒருமுறை பாருங்கள். உங்கள் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள். எல்லாம் ஒரே ஒரு செல்லிலிருந்து வந்தவை. அது அம்மாவின் ஒரு செல்லும் அப்பாவின் ஒரு செல்லும் சேர்ந்தது. அவை தாத்தா பாட்டிகளின் செல்களிலிருந்து... இப்படியே பின்னால் போனால், குறைந்தது 350 கோடி வருஷம். நடுவில் ஓரிடத்தில்கூட இந்தச் சங்கிலி அறுந்ததில்லை. அறுந்திருந்தால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்!

அந்தச் சங்கிலியில் நீ தனி, நான் தனி என்று கோடு போடுவதற்கு இடமே இல்லை என்பதை மைக்ராஸ்கோப்பில் கண்டவரைத்தான், நீ வேறு ஜாதி என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். அதோடு போகவில்லை. அவருடைய பேரன் பெயரும் ராபர்ட் ரெமாக்தான், கணித மேதை. 1942-ல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் அவரைச் சாகடித்தார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை என்றாவது ஒருநாள் ரெக்கார்டு நோட்டில் கட்டமும் வட்டமும் போட்டுக்கொண்டிருக்கும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். மூன்று பெயர்களுக்குக் கீழே நாலாவதாக ஒன்றைப் பென்சிலால் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மார்க் கிடைக்காது. பரவாயில்லை!