7,700 ரூபாய்க்கு நைட் டூட்டி

பொட்டிப்புரம்னா எல்லாரும் நியூட்ரினோ பத்தித்தான் கேப்பாங்க. ஆனா அந்தப் பக்கம் நர்சிங் முடிச்ச தங்கச்சிங்க என்கிட்ட கேக்குறது, "அண்ணே, கவர்மென்ட் வேலையா, பிரைவேட்டா? ஷிஃப்டை எப்படிச் சமாளிக்கிறது?"

ஒரு கதை சொல்றேன். 2015-ல் தமிழ்நாடு அரசு தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை ஒப்பந்தத்தில் எடுத்தது. மாசம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம்னு நம்பினாங்க. அது நடக்கல. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தாங்க. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு வேலைக்குத் திரும்பினாங்க.

அதே வருஷம் மருத்துவ நோபல், உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரம் எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்ச மூணு பேருக்குக் கிடைச்சது. காலை, மதியம், இரவுன்னு டூட்டி மாறும்போதெல்லாம் தடுமாறுறது அந்தக் கடிகாரம்தான்.

பகல்ல ஜன்னலை மூடிட்டுத் தூங்கலாம். ஆனா தொடர்ந்து எத்தனை நைட், அப்புறம் எத்தனை நாள் ஆஃப், வேலை நிரந்தரமா? சேர்றதுக்கு முன்னாடியே கேளுங்கம்மா. "சேவை"ங்கிற சொல் அதுக்குப் பதில் இல்ல.