கடல் எச்சரிக்கையில் வரும் 'விநாடி' எதற்கு? பாண்டி பீச்சில் நின்றே அலையைக் கணக்கிடுவது எப்படி?

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனும் தேசிய கடல்சார் தகவல் மையம் வெளியிடும் அலை அறிவிப்புகளில் இரண்டு எண்கள் முக்கியமானவை. ஒன்று அலையின் உயரம், மீட்டரில். இன்னொன்று அலைவு நேரம், விநாடியில். பெரும்பாலானோர் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உண்மையில் அந்த விநாடிதான் நிறைய விஷயம் சொல்கிறது.

மூன்று சொற்கள், ஒரே கணக்கு

* அலைவு நேரம்: ஒரு முகடு கடந்த பிறகு அடுத்த முகடு வர ஆகும் நேரம்.
* அதிர்வெண்: ஒரு விநாடியில் எத்தனை அலைகள் கடக்கின்றன என்பது. 1-ஐ அலைவு நேரத்தால் வகுத்தால் கிடைக்கும். அலகு ஹெர்ட்ஸ்.
* அலைநீளம்: அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையே உள்ள தூரம்.

வேகம் = அதிர்வெண் × அலைநீளம். ஸ்கூலில் படித்த அதே சூத்திரம்தான்.

காந்தி சிலை பக்கம் நின்று பாருங்க

கடற்கரைச் சாலையில் நின்றபடி, அலை மோதும் ஒரு கருங்கல்லைக் குறி வைத்துக்கொள்ளுங்கள். முகடு அதில் மோதும்போது ஸ்டாப்வாட்சை ஆன் செய்து 'பூஜ்யம்' என்று எண்ணத் தொடங்குங்கள். 'ஒன்று' என்று தொடங்கினால் கணக்கில் ஒரு அலை கூடிவிடும். பரீட்சையிலும் பலர் சறுக்கும் இடம் இது.

10 வரை எண்ண 80 விநாடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். அலைவு நேரம் 8 விநாடி. அதிர்வெண் 0.125 ஹெர்ட்ஸ்.

அலை ஆழ்கடலிலிருந்து கரைக்கு வந்தாலும் அலைவு நேரம் மாறாது. ஆழ்கடலில் அலைவு நேரத்தை 1.56-ஆல் பெருக்கினால் வேகம் கிடைக்கும். அதாவது விநாடிக்கு சுமார் 12.5 மீட்டர், மணிக்கு 45 கிலோமீட்டர். அலைநீளம் 12.5 × 8 = 100 மீட்டர்.

அதே அலை 2.5 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் விநாடிக்கு 5 மீட்டராகக் குறையும். அலைநீளம் 40 மீட்டராகச் சுருங்கும். பின்னால் வரும் அலை நெருங்க நெருங்க, தண்ணீர் மேலே எழும்பும். கரையோரத்தில் அலை உயர்ந்து உடைவது இதனால்தான்.

16 விநாடி என்றால் ஏன் உஷார்?

அலைவு நேரம் இரட்டிப்பானால் ஆழ்கடலில் அலைநீளம் நான்கு மடங்காகும். 8 விநாடிக்கு 100 மீட்டர். 16 விநாடிக்கு 400 மீட்டர். ஒவ்வொரு முகட்டோடும் வரும் தண்ணீர் அதிகம், கரையில் அது ஏறும் தூரமும் அதிகம். இடைவெளி நீண்டிருப்பதால் கடல் அமைதியாக இருப்பது போலவும் தெரியும்.

தென் இந்தியப் பெருங்கடலின் புயல்களில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும் இத்தகைய அலைகளைத்தான் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. கேரளாவிலும் தென் தமிழகத்திலும் இது அதிகம். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் மாஹேயும் அந்தக் கேரளக் கரையில்தான் இருக்கிறது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தது, கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாட்களில்தான்.

சுனாமிக்கு வேறு கணக்கு

சுனாமியின் அலைவு நேரம் நிமிடங்களில் இருக்கும். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது கடலின் ஆழம். 4,000 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு சுமார் 200 மீட்டர், மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். அலைவு நேரம் 20 நிமிடம் என்றால் அலைநீளம் 240 கிலோமீட்டர்! நடுக்கடல் கப்பலில் இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. 2004 டிசம்பர் 26 அன்று காரைக்காலைப் புரட்டிப்போட்டது இப்படிப்பட்ட அலைதான். முதல் அலை வடிந்ததும் கடலுக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்: அடுத்த முகடு பல நிமிடம் கழித்து வரலாம்.

அடுத்த முறை எச்சரிக்கை வந்தால் உயரத்தோடு விநாடியையும் பாருங்கள். அது 15-ஐத் தாண்டினால், கடல் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் தண்ணீரில் இறங்க வேண்டாம்.